‘சவுண்டை அப்புறம் பார்த்துக்கலாம்’: குறும்படம் எடுக்கும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாம்பலத்தில் நண்பன் வீட்டுச் சமையலறையில் என் முதல் பயிற்சிப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளும் ஒரே காட்சி, மொத்தம் 5 நிமிடம். ஜன்னல் வெளிச்சம் மகளின் கன்னத்தில் சரியாக விழ வேண்டும் என்பதற்காகக் காலை 7 மணியிலிருந்து 11 மணி வரை லைட்டிங் செய்தோம். ஒருவன் தெர்மாகோலைத் தூக்கிப் பிடித்தான், இன்னொருவன் திரைச்சீலையை இழுத்துப் பிடித்தான். சவுண்டுக்கு நாங்கள் ஒதுக்கிய நேரம், கேமராவின் தலையில் மைக்கைச் செருகுவதற்கு ஆன நேரம்தான்.

இரண்டு தெரு தள்ளி அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கியில் காலையிலிருந்தே பாட்டு. எங்களில் யாருக்கும் அது உறைக்கவே இல்லை. எடிட்டில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அப்பா பேசும் ஷாட்டில் ஒரு பாட்டின் பல்லவி ஓடுகிறது. மகளுக்கு வெட்டினால் வேறொரு பாட்டின் நடுச் சரணம். திரும்ப அப்பாவிடம் வந்தால், இன்னும் கூழ் வாங்காதவர்கள் வரிசையில் வரும்படி யாரோ அறிவிக்கிறார்கள். நடிப்பு நன்றாக இருந்தது, வெளிச்சமும் நன்றாக இருந்தது. ஆனால் எங்கே வெட்டினாலும் சத்தம் தூக்கிப்போட்டது. அந்தக் காட்சியைக் கடைசிவரை ஒட்டவைக்க முடியவில்லை.

படப்பிடிப்பில் அன்று நான் மூன்று முறையாவது சொன்ன வாக்கியம்: “சவுண்டை அப்புறம் பார்த்துக்கலாம்.” மாணவர்கள் செய்யும் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

காது செய்யும் வேலையை மைக்கிடம் எதிர்பார்ப்பது

அன்று அந்தப் பாட்டு எங்களுக்கு ஏன் கேட்கவில்லை? காதில் விழுந்தது, மனம்தான் அதை ஒதுக்கிவிட்டது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் முழங்க, நூறு பேர் பேச, அதற்கு நடுவிலும் பக்கத்தில் இருக்கும் சித்தி சொல்வதை நம்மால் பிடித்துக்கொள்ள முடிகிறது. வேண்டியதை முன்னால் இழுத்து, வேண்டாததைப் பின்னால் தள்ளும் இந்தத் திறனைக் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் 1953இல் பரிசோதனைகள் செய்து எழுதினார். இதற்கு நமக்கு இரண்டு காதுகளின் துணையும் உண்டு, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற கணக்கும் உண்டு.

மைக்குக்கு இந்த விருப்புவெறுப்பு கிடையாது. வசனம், ஃபேன், ஃபிரிட்ஜ், தெருவில் ரிவர்ஸ் எடுக்கும் கார் என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்துவிடும். அதனால்தான் லொகேஷனில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்காமல் இருப்பதைப் பெரிய தவறு என்கிறேன். மீட்டரில் பச்சைக் கோடு ஆடுகிறது, ரெக்கார்ட் ஆகிறது, போதும் என்று நினைத்துவிடுகிறோம். கோடு ஆடுவது சத்தம் வருகிறது என்று மட்டும்தான் சொல்லும். எந்தச் சத்தம் என்று சொல்லாது. காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரு நிமிடம் யாரையும் பேசவிடாமல் அந்த அறையைக் கேளுங்கள். ஃபிரிட்ஜின் ‘ங்ங்ங்’ அதுவரை அங்கே இல்லாதது போலவும், திடீரென்று யாரோ அதைப் போட்டுவிட்டது போலவும் இருக்கும்.

ஃபிரிட்ஜை அணைத்தால் உங்கள் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். படப்பிடிப்பு முடிந்து கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். சவுண்டு ஆட்கள் காலங்காலமாகச் செய்வது இது. வீட்டுக்காரரின் பால் கெட்டுப்போனால் அடுத்த முறை அந்த வீடு நமக்குக் கிடைக்காது.

டப்பிங் பழக்கத்தை அப்படியே கடன் வாங்குவது

‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற வார்த்தை நம் வாயில் சுலபமாக வருவதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச்சில் வெளியானது. படத்தையும் ஒலியையும் ஒரே சமயத்தில் ஃபிலிமில் பதிந்தார்கள். டப்பிங் என்ற வசதி அப்போது இல்லை. பம்பாயில் அந்த ஸ்டுடியோ ரயில் பாதையை ஒட்டி இருந்ததால், ரயில் ஓட்டம் ஓய்ந்த பின்னிரவில்தான் பெரும்பகுதியை எடுத்தார்கள். நடிகர்களின் கண்ணில் படாதபடி மைக்குகளை ஒளித்து வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ‘காளிதாஸ்’ மூலம் தமிழும் திரையில் பேசத் தொடங்கியது.

பிறகு கேமரா ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தது. கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய அரிஃபிளெக்ஸ் 2சி போன்ற கேமராக்கள் வயலுக்கும் தெருவுக்கும் போக வழிசெய்தன. ஆனால் அவை ஓடும்போது தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குள் வசனத்தைச் சுத்தமாகப் பதிய முடியாது. எனவே லொகேஷனில் பைலட் டிராக் என்ற வழிகாட்டி ஒலிப்பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு, வசனத்தை டப்பிங் தியேட்டரில் பேசிப் பதியும் முறை நிலைத்துவிட்டது. கேமராவின் சத்தம் அடங்கிய பிறகும் பழக்கம் போகவில்லை. 2001இல் ‘லகான்’ சிங்க் சவுண்டில், அதாவது படமெடுக்கும்போதே வசனத்தையும் பதிந்து, வந்தபோது அது இந்தியா முழுக்கப் பேசப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

டப்பிங்கை நான் குறை சொல்லவில்லை. நல்ல டப்பிங் கலைஞர் உதட்டசைவைப் பார்த்தபடி ஒரு பெருமூச்சைக்கூடச் சரியான இடத்தில் வைப்பார். அது பெரிய வித்தை. ஆனால் ஒரு மாணவனிடம் அந்தக் கலைஞரும் இல்லை, தியேட்டருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. நம் படங்களில் நடிப்பவர்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, மளிகைக் கடை அண்ணாச்சி, கூடப் படிக்கும் தோழி. அண்ணாச்சி தன் கடையில் நின்று பொட்டலம் கட்டிக்கொண்டே பேசுவதை, இரண்டு மாதம் கழித்து மூடிய அறையில் மைக் முன்னால் நிற்கவைத்துத் திரும்பப் பேசச் சொன்னால் அவருக்கு வராது. கை சும்மா இருந்தால் அவருடைய குரல் மாறிவிடும். லொகேஷனில் கிடைத்ததை அங்கேயே பத்திரப்படுத்துவதுதான் நமக்கு வழி.

மைக்கைத் தள்ளி வைப்பது

லென்ஸ் ஜூம் செய்யும், மைக் செய்யாது. 15 அடி தள்ளி நின்று முகத்தை மட்டும் நிறைத்து எடுக்கிறோம். கேமராவில் செருகிய மைக் அதே 15 அடியில்தான் இருக்கிறது. முகம் அருகில், குரல் தூரத்தில். பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் அந்த முகத்தோடு ஒட்ட முடியாமல் போய்விடும்.

பேசுபவருக்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியும் ஃபேன் சத்தமும் அப்படியே இருக்கும். குரலை ஏற்றினால் அவையும் கூடவே ஏறும். எந்த மென்பொருளும் இதை முழுசாகச் சரிசெய்யாது. ஒரு நண்பர் பூமை, அதாவது நுனியில் மைக் மாட்டிய நீளக் கம்பை, பிடித்து, ஃபிரேமுக்குச் சற்று மேலே, நடிகரின் தலைக்கு ஒன்றரை இரண்டு அடிக்குள் மைக்கைக் கொண்டுவந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பூம் வாங்கப் பணமில்லை என்றால் ஒட்டடைக் குச்சி போதும். நான் அதைத்தான் ஒரு வருஷம் பயன்படுத்தினேன்.

நம் சமையலறைகளில் சுவரிலும் தரையிலும் டைல்ஸ். குரல் பட்டுப் பட்டுத் திரும்பும். ஃபிரேமில் வராத பக்கமெல்லாம் ஜமக்காளத்தையோ தடித்த போர்வையையோ தொங்கவிடுங்கள். வித்தியாசம் உடனே கேட்கும். உடையில் குத்தும் சின்ன லேப்பல் மைக் வைப்பதாக இருந்தால் உடையை முந்தின நாளே பாருங்கள். கஞ்சி போட்ட காட்டன் புடவையும் பட்டும் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். கழுத்துச் சங்கிலி மைக்கில் இடிக்கும்.

பதிவாகும் ஒலியின் அளவான லெவல் விஷயத்தில் இரண்டே இரண்டு சொல்கிறேன். கேமராவில் ஆட்டோ லெவலை விட்டுவைக்காதீர்கள். நடிகர் பேச்சை நிறுத்திய நொடியில் அது பின்னணிச் சத்தத்தை இழுத்து மேலே கொண்டுவரும். ஒவ்வொரு மௌனத்திலும் அறை மூச்சு வாங்குவது போலக் கேட்கும். அப்புறம், வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும். பதிவின் உச்ச வரம்பான 0வைத் தொட்டு உடைந்துவிட்டால் சாதாரண ரெக்கார்டரில் அதை மீட்கவே முடியாது. பதிவின் தர அளவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்துவிட்டால் மற்றதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நிசப்தம் என்றால் ஒன்றுமில்லை என்று நினைப்பது

ஸ்கிரிப்ட்டில் ‘நிசப்தம்’ என்று எழுதிவிட்டு, எடிட்டில் அந்த இடத்தில் ஆடியோவையே நீக்கிவிடுகிறோம். அப்படிச் செய்தால் தியேட்டரில் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்றுதான் உட்கார்ந்திருப்பவர்கள் நினைப்பார்கள்.

நமக்குத் தெரிந்த நிசப்தம் எது? ராத்திரி கரண்ட் போகும் அந்த நிமிடத்தைக் கேளுங்கள். முதலில் ஃபேன் உடனே நிற்காது, சுற்று குறையக் குறைய அதன் ‘டக்… டக்… டக்’ தனித்தனியாகப் பிரியும். ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கும். எதிர்வீட்டு இன்வெர்ட்டர் ‘பீப்’ என்னும். அதுவரை இல்லாத நாய் ஒன்று நாலு தெரு தள்ளிக் குரைக்கும். கொசு வரும். மாடியிலிருந்து ஒரு குரல், “உங்க வீட்லயும் போயிடுச்சா?” என்று கேட்கும். கரண்ட் போனதும் வீடு சுருங்கி, ஊர் விரிகிறது. நிசப்தம் என்பது தூரத்துச் சத்தங்கள் கேட்க ஆரம்பிக்கும் நிலை. படத்தில் அதைக் கொண்டுவர வேண்டுமானால் ஃபேனை முதலில் கேட்கவைத்திருக்க வேண்டும். பிறகுதான் அதை நிறுத்த முடியும்.

இதற்கு அடிப்படை ரூம் டோன். ஒவ்வொரு லொகேஷனிலும், எல்லோரும் அசையாமல் நிற்க, வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். லைட் எல்லாம் எரிய வேண்டும், ஆட்களும் அங்கேயே நிற்க வேண்டும். அறை காலியானால் அதன் ஒலியும் மாறிவிடும். ஷாட்டுக்கு ஷாட் ஓட்டைகளை அடைப்பது இந்த ஒரு நிமிடம்தான். எல்லோரும் களைத்துப்போய் சாப்பாட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ‘ஒரு நிமிஷம் நில்லுங்கள்’ என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தால் மூன்று படங்களில் கஷ்டப்பட்டேன்.

ஓட்டையை இசையால் அடைப்பதும் இதன் தொடர்ச்சிதான். சவுண்டு சரியில்லை, எனவே வசனத்துக்கு அடியில் பியானோ ஓடவிடுவது. ரீரெக்கார்டிங்கின், அதாவது பின்னணி இசையின், மதிப்பு தமிழ் ரசிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது எங்கே தொடங்குகிறது, எங்கே ஒதுங்கி நிற்கிறது என்பதில்தான் அந்த மதிப்பே இருக்கிறது. இசையே இல்லாமல் முதல் எடிட்டை முடித்துப் பாருங்கள். தாங்கும் காட்சி தாங்கும். தாங்காத காட்சியில் கோளாறு எங்கே என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

வேறு ஊரின் பறவையைக் கூவவிடுவது

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எஃபெக்ட்ஸ் கோப்புகளை அப்படியே போட்டுவிடுகிறோம். தஞ்சாவூர் வயலில் ஐரோப்பியக் காட்டுப் பறவை கத்துகிறது. திண்டிவனம் நெடுஞ்சாலையில் அமெரிக்க போலீஸ் சைரன் போகிறது. ஊர்ச் சத்தம் எடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கைப்பேசியிலேயே பதிவுசெய்யலாம், காற்று அடிக்காமல் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டால் போதும்.

நம் ஊர்ப் பறவையாகவே இருந்தாலும் காலம் தப்பக்கூடாது. குயில் கோடையில்தான் ஓயாமல் கூவும். குளிர்காலத்தில் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மார்கழி விடியலில் கோலம் போடும் காட்சிக்குக் குயிலைப் போட்டு ஒரு மாணவர் காட்டியபோது, “இந்த மாசத்துல குயில் ஏதுப்பா?” என்று எங்கள் கேன்டீன் அக்கா கேட்டுவிட்டார். பார்வையாளர் இப்படித்தான் இருப்பார். வாழ்நாள் முழுக்கக் கேட்டவரை ஏமாற்ற முடியாது.

தூரத்தையும் இப்படித்தான் தொலைக்கிறோம். ஆற்றின் எதிர்க்கரையில் ஒருவர் துணி துவைக்கிறார். 100 மீட்டர் தூரம் என்று வையுங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும், படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஆக, துணி கல்லில் விழுந்து ஏறக்குறைய 7 ஃபிரேம் கழித்துத்தான் ‘தொப்’ என்பது நம்மிடம் வந்து சேரும். அதற்குள் அவர் துணியைத் திரும்பத் தூக்க ஆரம்பித்திருப்பார். சின்ன வயதில் ஆற்றங்கரையில் நின்ற எல்லோரும் இதைப் பார்த்து வியந்திருப்போம். எடிட்டில் இதைத் ‘தப்பு’ என்று நினைத்து அடியோடு ஒலியை ஒட்டிவைத்துவிடுகிறோம். ஆற்றின் அகலம் அந்த 7 ஃபிரேமில்தான் இருந்தது.

கேமராவோடு பார்க்கப் போவது

இரண்டாம் ஆண்டில் எங்கள் ஆசிரியர் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். கேமரா கூடாது, கைப்பேசி கூடாது. கேட்பதை நோட்டில் எழுத வேண்டும். எனக்கு முதலில் இது வீண் வேலையாகத் தோன்றியது. கேமராவை எடுத்துக்கொண்டு போயிருந்தால் நாலு நல்ல ஷாட்டாவது தேறியிருக்குமே என்று நினைத்தேன்.

எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் பக்கத்துத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அந்த அண்ணனை நாலு வருஷமாகத் தெரியும். அவர் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். வாயிலிருந்து தண்ணீரை ‘புஸ்’ என்று துணியில் ஊதுகிறார். கனத்த கரிப் பெட்டி துணியில் இறங்கும்போது ‘ஸ்ஸ்’. மூன்று நீளமான இழுப்பு, ஒரு திருப்பு, மறுபடி மூன்று இழுப்பு. பெட்டியைத் தட்டில் வைக்கும்போது ‘டங்’. சட்டையை மடிக்கும்போது இரண்டு தட்டு. ஒரு சட்டை முடிய இதே வரிசை. அரை மணி நேரத்தில் என் கையே அந்தத் தாளத்தை மடியில் தட்டிக்கொண்டிருந்தது.

அப்போது அவருக்கு ஒரு போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். “ம்… ம்… எப்போ… சரி” என்பதைத் தவிர அவர் எதுவும் பேசவில்லை. ஆனால் மூன்று இழுப்பு இரண்டானது. பிறகு ஒன்றானது. பெட்டி ஒரே இடத்தில் நின்றது. துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் ‘டங்’ என்று தட்டில் வைத்தார். போனை மடித்துப் பையில் போட்டுவிட்டு, தண்ணீரை ஊதாமலேயே அடுத்த சட்டையை எடுத்தார். என்ன செய்தி என்று நான் கேட்கவில்லை. நல்ல செய்தி இல்லை என்பது தெரு முனையில் இருந்த எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை, முதுகுதான் தெரிந்தது.

இதையே நான் முன்னால் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். போன் வருகிறது, குளோசப், கண்ணில் நீர், அடியில் வயலின். கவனிக்காமல் எழுதினால் பார்த்த படங்களிலிருந்துதான் எழுத வரும். கேமராவோடு போகிறபோது கண் ஃபிரேமைத் தேடுகிறது. அழகாக இருப்பது கிடைத்ததும் பதிந்துவிட்டு அடுத்ததுக்கு நகர்ந்துவிடுகிறது. ஒரு மனிதரின் தாளம் எது என்று தெரிய அரை மணி நேரம் ஆகிறது. அது தெரிந்தால்தான் அது உடையும் இடம் தெரியும்.

கனடாவின் இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபர் ஒரு இடத்தின் ஒலிகளைப் பிரித்துக் கேட்க ஒரு வழி சொல்லியிருக்கிறார். எப்போதும் அடியில் இருந்துகொண்டே இருக்கும் ஒலி, நம் கவனத்தைக் கூப்பிடும் ஒலி, அந்த ஊருக்கே அடையாளமான ஒலி. நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதிப் பாருங்கள். என் தெருவுக்கு முதல் பத்தியில் மெட்ரோ வாட்டர் லாரியின் மோட்டார். இரண்டாவதில் பால்காரரின் மணி. மூன்றாவதில் எதை எழுதுவது என்று நாலு நாள் யோசித்து, இஸ்திரிப் பெட்டியின் ‘டங்’கை எழுதினேன்.

லொகேஷனைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவுசெய்வது

கடைசியாக இது. லொகேஷன் பார்க்கப் போகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எந்த நேரத்தில் படம் எடுக்கப்போகிறோமோ அதே நேரத்தில் போய், கண்ணை மூடி, பத்து நிமிடம் உட்கார வேண்டும். பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா, எப்போது மணி அடிக்கும், எதிரில் வெல்டிங் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், அந்த வாரம் கோவிலில் விசேஷம் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எடுக்கப்போகும் படத்துக்கு பழவந்தாங்கலில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு வீடு கிடைத்திருக்கிறது. நண்பர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். சில நிமிடங்களுக்கு ஒரு மின்சார ரயில் போகும், நடுநடுவே எக்ஸ்பிரஸும் போகும். நானும் வேறு வீடு தேடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூன்று சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டு அம்மா கீரை ஆய்ந்துகொண்டே தன் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். ரயில் வந்ததும் பேச்சை நிறுத்தினார். பெண்ணும் நிறுத்தினாள். இருவர் முகத்திலும் எந்தச் சலிப்பும் இல்லை, கை மட்டும் கீரையில் ஓடிக்கொண்டிருந்தது. ரயில் போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார். “…அதனாலதான் உங்கப்பா கிட்ட சொல்லல” என்று.

ஸ்கிரிப்ட்டில் அந்தக் காட்சியை மாற்றி எழுதிவிட்டேன். மகள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறாள், அம்மா பதிலைத் தொடங்குகிறார், ரயில் வருகிறது. இந்த முறை ரயில் போன பிறகும் அம்மா தொடரவில்லை. ஒலிப்பதிவுக்கு என் தோழி வருகிறாள். பைக் சாவியும், போர்வை ஆறும், ஒட்டடைக் குச்சியும் எடுத்துவைத்தாயிற்று. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குப் படப்பிடிப்பு. பக்கத்துக் கோவிலில் அன்றைக்கு விசேஷம் எதுவும் இல்லை என்று குருக்களிடம் கேட்டுக்கொண்டேன்.